வன்வட்டின் வரப்புகள்

ஒரு நிலத்தில் இருவர் பயிர் செய்ய வேண்டுமாயின், அவர்கட்கு முதற்கண் வேண்டப்படுவது வரப்பு. வரப்பு இல்லையேல், ஒருவர் விதைத்ததை மற்றவர் உழுதுவிடுவர். பின்னர் அங்கு விளைவது நெல்லன்று, வழக்கே ஆகும். வரப்பு மட்டும் இருந்தாலும் போதாது. அவரவர் வயலுக்குச் செல்ல வழியும் வேண்டும். வரப்பும் வழியும் செவ்வனே அமைந்த நிலத்தில் இருவரும் இனிது பயிரிடலாம். இவ்வுண்மை மண்ணாலாகிய நிலத்துக்கு மட்டுமன்றிக் கணினியின் உள்ளே அடங்கிய வன்வட்டுக்கும் பொருந்தும்.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஒருங்கே நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். வீடுகளில் உள்ள கணினிகளுள் பெரும்பாலானவை விண்டோஸ் என்னும் இயங்குதளத்துடன் விற்கப்படுவன. லினக்ஸ் என்பது மற்றோர் இயங்குதளம். அது விலையின்றிக் கிடைப்பது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்’ என்பதும் லினக்ஸ் வகையைச் சார்ந்ததே. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கி மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசும் பாசும் ஒரே வட்டில் அருகருகே குடியிருந்தன.

இங்ஙனம் விண்டோஸ் உள்ள கணினியில் லினக்ஸையும் நிறுவ முற்படுவோர் சில வேளைகளில் இடர்ப்படுவர். கணினி தொடங்காது, கறுத்த திரையில் விளங்காத சில சொற்கள் மட்டும் தோன்றும். அப்பொழுது பலர் பதறி, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவர். இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமாயினும் மீண்டும் பெறலாம். ஆனால், அவ்வட்டில் இருந்த பாட்டியின் குரற்பதிவும், தந்தையின் கடைக்கணக்கும், தமக்கையின் ஆய்வேடும் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பன அல்ல. ஆதலின், இவ்விடர்களின் இயல்பையும் தீர்க்கும் முறையையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

வட்டும் பதிவேடும்

வன்வட்டு என்பது எண்ணற்ற சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்ட பெருவெளி. ஒரு கட்டத்தில் நெடுங்காலமாக 512 பைட்டுகள் அடங்கின; பிற்காலத்து வட்டுகள் பலவற்றில் 4096 பைட்டுகள் அடங்கும். இப்பெருவெளியில் இன்ன கட்டம் முதல் இன்ன கட்டம் வரை ஒரு பகுதி, அதற்கப்பால் மற்றொரு பகுதி என எல்லை வகுப்பர். அங்ஙனம் வகுத்த பகுதியைப் ‘பார்ட்டிஷன்’ என வழங்குவர். தமிழில் பகிர்வு எனலாம்.

பகிர்வுகளுக்கு இடையே கல்லோ கம்பியோ நடப்படுவதில்லை. எல்லைகள் யாவும் வட்டின் தொடக்கத்தில் உள்ள ஒரு பதிவேட்டில் எண்களாக எழுதப்பட்டிருக்கும், அவ்வளவே. ஊரிலுள்ள வயல்களின் அளவும் எல்லையும் நில அளவைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருத்தலை இதற்கு ஒப்பிடலாம். பதிவேடு தீப்பற்றி எரிந்தால், எந்த வயல் எவருடையது என்று சொல்ல இயலாமற் போகும். ஆனால், வயல்கள் இடம்பெயர்வதில்லை. அவற்றில் நிற்கும் பயிரும் கருகுவதில்லை. வட்டின் பதிவேடு சிதைந்தவிடத்தும் நிலைமை இதுவே. கோப்புகள் தத்தம் இடத்திலேயே இருக்கும். அவற்றின் எல்லை மட்டுமே மறைந்திருக்கும். இவ்வொரு கருத்தை உள்ளத்திற் பதித்துக்கொண்டவர் இடர் நேர்ந்தபோது பதறமாட்டார்.

அப்பதிவேடு இருவகைப்படும். முதல்வகை 1983-ஆம் ஆண்டு முதல் வழக்கிற்கு வந்தது; எம்.பி.ஆர். எனப்படுவது. அது வட்டின் முதற்கட்டமாகிய 512 பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். அவற்றுள் 446 பைட்டுகள் கணினியைத் தொடக்கும் சிறு நிரலுக்கும், 64 பைட்டுகள் பகிர்வுப் பட்டியலுக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் முத்திரைக்கும் உரியன. ஒரு பகிர்வைக் குறிக்க 16 பைட்டுகள் வேண்டுதலின், நான்கு முதன்மைப் பகிர்வுகட்கே அப்பட்டியலில் இடமுண்டு. மேலும், 512 பைட்டுக் கட்டங்களையுடைய வட்டில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு அப்பால் உள்ள இடத்தை அப்பதிவேட்டால் சுட்டவும் இயலாது.

இக்குறைகளை நீக்க எழுந்தது ஜி.பி.டி. என்னும் இரண்டாம் வகை. இதில் பொதுவாக 128 பகிர்வுகளைக் குறிக்கலாம். இதன் பெருஞ்சிறப்பு, பதிவேட்டின் படியொன்று வட்டின் இறுதியிலும் எழுதி வைக்கப்படுவதாகும். முன்னது கெட்டால் பின்னதைக்கொண்டு சீர் செய்யலாம். மூலப் பத்திரத்தை வீட்டிலும் படியை வேறிடத்திலும் வைக்கும் முன்னெச்சரிக்கை இஃது என்க.

கணினி விழித்தெழும் முறை

வரப்பைக் கண்டோம் எனின், அடுத்துக் காண வேண்டுவது வழி. மின்விசையை அழுத்தியவுடன் கணினி முழுமையும் ஒருங்கே விழித்தெழுவதில்லை. ஒருவர் அடுத்தவரை எழுப்பி, அவர் தமக்கு அடுத்தவரை எழுப்புவதுபோலப் படிப்படியாகவே அது தொடங்கும். இதனைப் ‘பூட்’ ஆதல் என்பர்.

முதலில் எழுவது, தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்ட மென்பொருள். பழைய கணினிகளில் அது பயாஸ் எனப்பட்டது, புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. எனப்படும். அது இரண்டாமவனாகிய தொடக்கியை எழுப்பும். லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலும் தொடக்கியாக விளங்குவது ‘கிரப்’ என்னும் நிரல். விண்டோஸ் வேண்டுமா, லினக்ஸ் வேண்டுமா எனத் திரையில் வினவி நிற்பது அதுவே. கிரப் மூன்றாமவனாகிய லினக்ஸ் கருவத்தை எழுப்பும். கருவம் தனக்குரிய மூலப் பகிர்வைத் தேடிக் கண்டு, எஞ்சிய பணிகளையெல்லாம் தொடங்கி வைக்கும்.

பயாஸ் முறையில், தொடக்கியின் முதற்பகுதி எம்.பி.ஆரின் 446 பைட்டுகளில் அமர்ந்திருக்கும். யூ.இ.எஃப்.ஐ. முறையிலோ, தொடக்கிகளுக்கெனவே சிறு பகிர்வு ஒன்று தனியே ஒதுக்கப்படும். அதில் விண்டோசின் தொடக்கியும் லினக்ஸின் தொடக்கியும் வெவ்வேறு அறைகளில் வாழும். இருவர்க்கும் பொதுவான அத்தலைவாயிலை ஒருவர் இடித்துவிட்டால், மற்றவர் வீடு நலமாக இருந்தும் உள்ளே புகுதல் அரிது.

ஓர் எழுத்தால் விளைந்தது

இத்துறையில் பேரறிஞரும் பிழைக்கு விலக்கல்லர் என்பதற்கு லினக்ஸின் பிறப்பு வரலாறே சான்று.

பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் 1969-ஆம் ஆண்டில் பிறந்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கணினி ஒன்றை வாங்கினார். அதில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவினார். மினிக்ஸ், நெதர்லாந்து நாட்டுப் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் மாணவர்க்குக் கற்பித்தற்பொருட்டு எழுதி 1987-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதனைப் பயன்படுத்திக்கொண்டே லினஸ் தமக்கென ஒரு சிறு இயங்குதளத்தை எழுதலானார். 1991 ஆகஸ்டு 25-ஆம் நாள் அம்முயற்சியைப் பிறர்க்கு அறிவித்தார். செப்டம்பர்த் திங்களில் முதற்பதிப்பு வெளிவந்தது. அதுவே லினக்ஸ்.

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் ஒரு நாள், தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியோடு தம் கணினியை இணைக்க முயன்றார் லினஸ். கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு குறியீட்டுப் பெயர் உண்டு. தொலைபேசி இணைப்புக்குரிய பெயர் டி.டி.ஒய்.1 என்பது; வன்வட்டின் முதற்பகிர்வுக்குரிய பெயர் எச்.டி.ஏ.1 என்பது. முன்னதை எழுத வேண்டிய இடத்தில் அவர் கை தவறிப் பின்னதை எழுதிவிட்டது. தொலைபேசிக்குச் செல்ல வேண்டிய எழுத்துகள் வட்டின்மேற் சென்று விழுந்தன. மினிக்ஸ் இருந்த பகிர்வின் இன்றியமையாத பகுதிகள் சிதைந்தன.

அவர்முன் இருவழிகள் இருந்தன. மினிக்ஸை மீண்டும் நிறுவுதல் ஒன்று. தாம் எழுதிய லினக்ஸே இனிப் போதும் எனத் துணிதல் மற்றொன்று. அவர் இரண்டாவதைத் தெரிந்துகொண்டார். அன்று முதல் லினக்ஸ் பிறிதொன்றன் துணையின்றித் தன் காலில் நிற்கத் தொடங்கிற்று. இழப்பே ஆக்கமாகியது அவர்தம் நல்லூழ். எனினும், எல்லார்க்கும் அங்ஙனம் வாய்க்கும் என்று எண்ணுதல் பேதைமை. ஒரு பெயரைப் பிழைபட எழுதினால் ஒரு பகிர்வே அழியும் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்க பாடம்.

நிறுவுமுன் செய்வன

இடர் நேர்ந்தபின் நீக்குவதினும் நேராமற் காத்தல் எளிது. முதற்கண், அழியக்கூடாத கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து வைத்தல் வேண்டும். அதே வட்டின் மற்றொரு பகிர்விற் படியெடுத்தல் காப்பாகாது. நகையையும் அதன் படியையும் ஒரே பெட்டியில் வைப்பதற்கு அஃது ஒப்பாகும்.

இரண்டாவதாக, விண்டோசை முழுமையாக அணைத்தல் வேண்டும். 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றோர் ஏற்பாடு அதில் உண்டு. அது விழிப்பில் இருக்கையில், அணைத்த விண்டோஸ் உண்மையில் அணைவதில்லை, அரைத்துயிலில் கிடக்கும். அந்நிலையில் அதன் பகிர்வில் மற்றோர் இயங்குதளம் எழுதப் புகுந்தால் கோப்புகள் கெடும். ஆதலின், அவ்வேற்பாட்டை நிறுத்திய பின்னரே பகிர்வின் அளவைச் சுருக்க வேண்டும். பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட வட்டாயின், அதற்குரிய 48 இலக்க மீட்புத் திறவெண்ணை முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் கட்டாயம்.

மூன்றாவதாக, இரு தளங்களும் ஒரே முறையில் தொடங்குதல் வேண்டும். விண்டோஸ் யூ.இ.எஃப்.ஐ. முறையில் இருக்க, லினக்ஸைப் பழைய பயாஸ் முறையில் நிறுவினால், கிரப்பின் பட்டியலிலிருந்து விண்டோசை எழுப்ப இயலாது. இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காத நிலை அது.

நான்காவதாக, எழுதப்போகும் வட்டு எது என்பதைப் பெயரால் மட்டுமன்றி அளவாலும் ஒப்பிட்டுத் தெளிதல் வேண்டும். எஸ்.டி.ஏ. என்பதும் எஸ்.டி.பி. என்பதும் ஓரெழுத்தால் வேறுபடுவன. ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டுக் கணினியைத் தொடங்கினால், நேற்று முதலாவதாக இருந்த வட்டு இன்று இரண்டாவதாகப் பெயர் மாறுவதும் உண்டு. 500 கிகாபைட்டு வட்டு எது, 16 கிகாபைட்டுப் பென் டிரைவ் எது என அளவைப் பார்ப்பவர் ஏமாறார். மேலும், தொடக்கிகள் வாழும் சிறு பகிர்வை லினக்ஸும் பயன்படுத்துமாறு காட்டவேண்டுமேயன்றி, அதனை ‘ஃபார்மட்’ செய்தல் ஆகாது.

தடை நேர்ந்த இடம் எது?

இத்தனை காப்பும் செய்தும் கணினி தொடங்கவில்லையாயின், முதலில் ஆராய வேண்டியது தடை எந்தப் படியில் நேர்ந்தது என்பதே. வாய்க்காலில் நீர் வரவில்லை எனின், உழவன் வாய்க்கால் முழுவதையும் தூர்த்துவிட்டுப் புதிதாக வெட்டுவதில்லை. கரையோரமாக நடந்து, நீர் எதுவரை வந்துள்ளது எனப் பார்த்து, அடைப்புள்ள அவ்வோரிடத்தை மட்டும் திருத்துகிறான். கணினியையும் அங்ஙனமே அணுகல் வேண்டும்.

கிரப் தோன்றாமல் விண்டோஸ் நேரே தொடங்குகிறது எனின், தடை முதற்படியில் உள்ளது. லினக்ஸ் அழியவில்லை, தாய்ப்பலகையின் மென்பொருள் எவரை முதலில் எழுப்புவது என்னும் வரிசையில் விண்டோசை முன்வைத்திருக்கிறது. யூ.இ.எஃப்.ஐ. அமைப்புகளுக்குட் சென்று அவ்வரிசையை மாற்றினாற் போதும்.

‘கிரப் ரெஸ்கியூ’ என்னும் சொற்கள் மட்டும் திரையில் நின்றால், தடை இரண்டாம் படியில் உள்ளது. கிரப்பின் தொடக்கப் பகுதி எழுந்துவிட்டது. தன் எஞ்சிய பகுதி இருந்த பகிர்வைக் காணாமல் திகைத்து நிற்கிறது. பகிர்வுகளின் எண் மாறியதாலோ, விண்டோசிலிருந்து யாரேனும் லினக்ஸின் பகிர்வை நீக்கியதாலோ இது நேரும். அவ்விடத்தில் ‘எல்.எஸ்.’ எனக் கட்டளையிட்டால் கிரப் தன் கண்ணிற்படும் பகிர்வுகளைப் பட்டியலிடும். அவற்றுள் ‘பூட்’ அடைவும் அதனுள் ‘கிரப்’ அடைவும் எதில் உள்ளன எனத் தேடி, அதனையே மூலமாகக் குறித்து, ‘நார்மல்’ என்னும் கூற்றை ஏற்றினால் வழக்கமான பட்டியல் தோன்றும்.

இது தற்காலிகமான தீர்வே. நிலையான தீர்வுக்கு, பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, வட்டிலுள்ள லினக்ஸ் பகிர்வை இணைத்து, அதனுட் புகுந்து, கிரப்பை மீண்டும் நிறுவி, அதன் பட்டியலைப் புதுப்பித்தல் வேண்டும். இதனாற் கோப்புகள் எவையும் தீண்டப்படா. வட்டு முழுவதையும் அழித்தற்கு ஆகும் நேரத்தினும் இதற்கு ஆகும் நேரம் குறைவு.

பட்டியல் தோன்றி, லினக்ஸைத் தெரிந்தெடுத்த பின்னர் நின்றுவிட்டால், தடை கருவத்தை அடுத்துள்ளது. ஒவ்வொரு பகிர்வுக்கும் யூ.யூ.ஐ.டி. என்னும் நெடிய அடையாள எண் உண்டு. ஒரு பகிர்வை ஃபார்மட் செய்தால் அவ்வெண் மாறிவிடும், ‘எஃப்.எஸ்.டேப்’ என்னும் கோப்போ பழைய எண்ணையே கொண்டிருக்கும். குடிபெயர்ந்தவரைப் பழைய முகவரியில் தேடும் அஞ்சற்காரரைப்போல, லினக்ஸ் 90 வினாடி காத்திருந்து, பின்னர் நெருக்கடி நிலைக்குச் செல்லும். கோப்பில் உள்ள எண்ணைத் திருத்திவிட்டால் தடை நீங்கும்.

பதிவேடு அழிந்தவிடத்து

இவையனைத்தினும் அஞ்சத்தக்கது பகிர்வுப் பதிவேடே அழிந்துபோதல். வட்டு வெறுமையாக உள்ளது என்று கணினி சொல்லும். புதிய பகிர்வுகளை அமைக்கலாமா என்றும் வினவும். அப்பொழுது ‘ஆம்’ என்று விடையளித்துத் தொடர்ந்து செல்பவரே உண்மையில் எல்லாவற்றையும் இழப்பவர்.

அந்நிலையிற் செய்யத்தக்கது, முதலில் அவ்வட்டில் எதனையும் எழுதாமை. அடுத்து, இயலுமாயின், அதற்கு நிகரான அளவுள்ள மற்றொரு வட்டில் அதனை அடிமுதல் முடிவரை அப்படியே படியெடுத்தல். அதன்பின் மீட்புப் பணியைத் தொடங்கலாம். பிரான்சு நாட்டைச் சார்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே என்பார் எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்னும் நிரல் இதற்கெனவே விலையின்றிக் கிடைக்கிறது. அது வட்டினை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்துச் செல்லும். ஒவ்வொரு பகிர்வின் தொடக்கத்திலும் அப்பகிர்வின் வகையையும் அளவையும் குறிக்கும் அடையாளங்கள் இருக்குமாதலின், அவற்றைக் கண்டு, முன்பிருந்த எல்லைகளை மீண்டும் கணித்துக் காட்டும். அவ்வெல்லைகளுக்குள் கோப்புகள் தெரிகின்றனவா எனப் பார்த்துத் தெளிந்த பின்னரே பதிவேட்டை எழுதச் சொல்லல் வேண்டும். வரப்பு அழிந்த நிலத்தில், புதைந்துகிடக்கும் அளவைக் கற்களைத் தேடி எடுத்து எல்லை மீட்கும் அளவையாளரின் பணியை அது செய்கிறது.

ஒரு வேறுபாட்டையும் இங்குக் கருதுதல் வேண்டும். சுழலும் தட்டுகளையுடைய வன்வட்டில், ஃபார்மட் செய்த பின்னரும் பழைய கோப்புகளிற் பல மறையாமல் இருக்கக்கூடும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகை வட்டிலோ, ஃபார்மட் செய்யும்பொழுதே ‘இவ்விடம் இனி வேண்டா’ என்னும் ஆணை வட்டுக்குச் செல்வதுண்டு. வட்டும் அவ்விடத்தைத் துடைத்துவிடும். அதன்பின் எந்நிரலாலும் மீட்டல் அரிது. விரைவான கருவியில் பிழையும் விரைந்தே முற்றுப்பெறுகிறது.

முடிவுரை

கணினி அறிவு என்பது கட்டளைகள் பலவற்றை நெட்டுருச் செய்தல் அன்று. எது எதன்மேல் நிற்கிறது, எது எதனை எழுப்புகிறது என்னும் ஒழுங்கை அறிதலே அறிவு. அவ்வொழுங்கை அறிந்தவர், இருண்ட திரையைக் கண்டபோது, ‘யாவும் போயிற்று’ என்று கலங்கார், ‘எதுவரை வந்தது? எங்கே நின்றது?’ என்று வினவுவர். பிழை நேர்ந்த இடத்தை மட்டும் திருத்தி, நலமாக உள்ளவற்றைத் தீண்டாது விடுவர். கணினி ஒருவருடையதாக இருப்பினும், அதனுள் இருக்கும் நினைவுகளும் உழைப்பும் வீட்டார் பலருக்கும் உரியன. அவற்றைக் காக்கும் பொறுப்பு, விசைப்பலகையின்முன் அமர்ந்திருப்பவர் கையில் உள்ளது. அக்கை விரையாதிருத்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. பகிர்வுப் பதிவேடு அழிந்தாலும் கோப்புகள் அழிவதில்லை என்பது எந்த உவமையால் விளக்கப்பட்டுள்ளது?
2. எம்.பி.ஆரின் 512 பைட்டுகள் எவ்வெவற்றிற்கு உரியன? அதன் குறைகள் யாவை?
3. கணினி விழித்தெழும் படிகளை வரிசைப்படுத்தி எழுதுக.
4. லினஸ் டோர்வால்ட்ஸின் மினிக்ஸ் பகிர்வு சிதைந்தது எவ்வாறு? அதனால் விளைந்த நன்மை யாது?
5. ‘கிரப் ரெஸ்கியூ’ எனத் திரையில் தோன்றினால், தடை எப்படியில் உள்ளது? அதனை நீக்குமாறு எங்ஙனம்?
6. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழியை இப்பாடத்தோடு பொருத்தி ஒரு பக்க அளவிற் கட்டுரை வரைக.